காழ் இல்லாத மரமும் கத்திப் பிடியும்

கத்தியின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அலகின் வரலாறே. இரும்பு எப்போது வந்தது, எஃகு எங்கே உருக்கப்பட்டது, எந்த மன்னனின் வாள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதற்கெல்லாம் நூல்கள் உண்டு. அலகுக்கும் அதைப் பிடித்த கைக்கும் இடையில் இருந்த மரத்துண்டைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது. மரம் மக்கிவிடும், இரும்பு துருப்பிடித்தேனும் மிஞ்சும். மிஞ்சியதைக் கொண்டே வரலாறு எழுதப்படுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் இந்த ஓரவஞ்சனைக்கு நல்ல உதாரணம். ஊர் எல்லைகளிலும் வயல் வரப்புகளிலும் நடுகற்கள் நிறைந்த நிலம் இது. ஆநிரை மீட்டும் புலியோடு பொருதும் மாண்டவர்கள் வாளோ குறுவாளோ ஏந்தியபடி அக்கற்களில் நிற்கிறார்கள். சிற்பி பிடியையும் செதுக்கியிருக்கிறான். ஆனால் அந்தப் பிடி எந்த மரம், அதை யார் இழைத்தார்கள் என்பதைக் கல் சொல்வதில்லை.

இதே மாவட்டத்தில், பர்கூரை ஒட்டிய மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வின் முடிவுகள் 2022 மே 9 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டன. அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்பது அன்று பெரிய செய்தியாயிற்று. 2025 ஜனவரி 23 அன்று வெளியான அறிக்கை, தாமிரபரணிக் கரையின் சிவகளைச் சான்றுகளைக் கொண்டு இக்காலத்தை மேலும் பின்னுக்கு, கி.மு. 3345 வரை, நகர்த்தியது. இவ்விரு செய்திகளிலும் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. இரும்பு தன் வயதைத் தானே சொல்வதில்லை. உடன் கிடந்த கரி அதற்காகச் சாட்சி சொல்கிறது. கரி என்பது எரிந்த மரம். தமிழகத்து இரும்பின் பழமையை நமக்குச் சொன்னது மரமே. அந்த மரத்துக்கு வரலாற்றில் ஒரு வரி இல்லை என்பது வேடிக்கையான முரண்.

இன்று கத்தியைக் கையால் செய்யும் கைவினைஞர்கள் உலகெங்கும் 'ஸ்டெபிலைஸ்டு வுட்' என்ற ஒன்றைப் பிடிக்குப் பயன்படுத்துகிறார்கள். நிலைப்படுத்திய மரம் என்று தமிழில் சொல்லலாம். மென்மையான, துளை நிறைந்த மரத்துக்குள் வெற்றிடத்தின் உதவியால் பிசினைப் புகுத்தி, சூட்டில் இறுகச் செய்து, அதைக் கல்போல் ஆக்குவதே அது. கேட்பதற்கு நவீனத் தொழில்நுட்பம். ஆனால் இதன் வேர்களைத் தேடிப் போனால் வந்து சேரும் இடங்களில் ஒன்று, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலக்கும் இந்த எல்லைநிலம். இன்னொன்று, நம் மொழியிலேயே இருக்கும் ஒரு பழைய சொல்.

*

அந்தச் சொல் காழ். மரத்தின் நடுவே இருக்கும் வைரத்தை அது குறிக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களைப் பிரிப்பதற்குப் பூவையோ இலையையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. வன்மை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. புறத்தே வன்மை உடையவை புல். அகத்தே வன்மை உடையவை மரம். அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம்; தேக்கும் ஈட்டியும் மரம். உள்ளே காழ் வைப்பதே மரத்தின் இலக்கணம் என்று கண்ட மொழி இது. பேச்சுத் தமிழ் இதையே 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறது. முதிர்ந்தும் தளராத மனிதரையும் அப்படித்தான் சொல்கிறோம்.

இன்றைய மர அறிவியல் இந்த வைரம் பாய்தலை விளக்கிவிட்டது. மரத்தின் வெளிப்பகுதியில் நீர் ஏறும் உயிருள்ள திசு இருக்கிறது. வயது ஏற ஏற உட்பகுதியின் செல்கள் சாகின்றன. சாகும் முன் அவை தம் சேமிப்பையெல்லாம் பிசினாகவும் நிறப்பொருளாகவும் எண்ணெயாகவும் மாற்றிவிடுகின்றன. நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அங்கே உணவும் இல்லை, வழியும் இல்லை. ஈட்டியின் ஊதா கலந்த கருமையும் சந்தனத்தின் மணமும் இந்த நிகழ்வின் பயன்கள். இளஞ்சந்தன மரத்தை வெட்டினால் மணம் இருக்காது. காழ் வைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆக, மரம் தன்னைத் தானே நிலைப்படுத்திக் கொள்கிறது. வெற்றிடக் கலத்தில் மனிதன் ஒரு நாளில் செய்வதை அது பல பத்தாண்டுகளில் செய்கிறது. நிலைப்படுத்திய மரம் என்பதை, காழ் இல்லாத மரத்துக்குச் செயற்கையாக வைத்த காழ் என்றே நாம் புரிந்துகொள்ளலாம்.

கத்திப் பிடிக்குக் காழ் ஏன் வேண்டும் என்பதையும் பார்த்துவிடுவோம். மரம் காற்றின் ஈரத்தை வாங்கிப் பருக்கும். வெயிலில் இழந்து சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு மிகச் சிறிது. குறுக்குவாக்கில் அதிகம், அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் இருமடங்கு வரை. ஆனால் உள்ளே செருகிய இரும்பு ஈரத்துக்கு அசையாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இழுத்துக்கொள்ளும்போது பிடி ஆடுகிறது, வெடிக்கிறது, ஆணி புறந்தள்ளி நிற்கிறது. அடுக்களைக் கத்திக்கு நீரும் உப்பும் புளியும் இன்னும் மோசமான பகைகள். பீடபூமியின் மேலே ஓசூரில் ஒரு காற்று, சூளகிரி கடந்து கீழே இறங்கினால் கிருஷ்ணகிரியில் வேறொரு காற்று என்று இருக்கும் இந்நிலத்தில், மரப்பிடி ஓய்வதே இல்லை.

*

பழைய கொல்லனுக்கு இதற்கு விடை தெரிந்திருந்தது. அவன் மரத்தைத் தேர்ந்தான். அரிவாளுக்கும் கோடரிக்கும் கருவேலம், புளி, ஆச்சா என்று வைரம் பாய்ந்த கட்டைகளை எடுத்தான். அலகின் பின்னே வால்போல நீளும் கூர்முனையைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டையில் இறக்கினான். இடைவெளியில் அரக்கை உருக்கி ஊற்றினான். வாயில் ஒரு பூண் போட்டான். அரக்கு என்பது மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரந்து வைக்கும் பிசின். சூட்டில் இளகி, ஆறினால் இறுகுவது. கத்திப் பிடிக்குள் பிசினை வைத்தது நவீனர்கள் அல்லர் என்பதற்கு இது போதும்.

மரத்தோடு கொல்லனுக்கு இருந்த உறவு பிடியோடு நிற்கவில்லை; எஃகுக்குள்ளேயே மரம் இருந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் எஃகு உருக்கும் முறையை, அப்பகுதியில் கும்பினியின் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் லண்டனின் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் விவரித்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. தருமபுரி 1965இலும், அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இலும் பிரிந்தன. உமி கலந்த களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டுகளையும், அவற்றின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரம் விறகையும் இட்டு, மேலே எருக்கு போன்றவற்றின் பச்சை இலை ஒன்றிரண்டை மூடி, களிமண்ணால் வாயடைத்து, உலையில் ஊதினார்கள். விறகின் கரிமம் இரும்புக்குள் போயிற்று. அதுவே இரும்பை எஃகாக்கியது. சாலையோரம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரை, கத்தியின் அலகுக்குள் புகுந்து கூர்மையாக மாறிய மரம் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த எஃகை ஐரோப்பா 'உட்ஸ்' என்று அழைத்தது. கன்னடத்தின் உக்கு என்ற சொல்லின் திரிபு அது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நம் உருக்கு அதற்கு உறவு. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிய தன் சோதனைகளைப் படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கொல்லர் இந்த எஃகில் கத்தி செய்து பார்த்து வியந்து, பின்னர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் இரகசியத்தைத் தேடினார். மின்காந்தத்தால் பின்னாளில் உலகம் அறிந்த ஃபாரடேயின் தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று நம் எஃகு பற்றியது. அலகைப் பற்றி அத்தனை பேர் எழுதினார்கள். பிடியைப் பற்றி எவரும் சோதனைச்சாலைக்குப் போகவில்லை.

*

அப்படி ஒரு தேவை அதுவரை எழவில்லை என்பதும் உண்மை. காழ் உள்ள மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை, காழைச் செய்ய யாரும் முயல்வதில்லை. மரத்தை உறுதிப்படுத்தும் ஒவ்வொரு கண்டுபிடிப்பும், நல்ல மரம் தீர்ந்துபோனதாகவோ கிடைக்காமல் போனதாகவோ உணர்ந்த ஒரு கணத்தில் பிறந்திருக்கிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது முதன்மையாக இதுவே. இதற்கு எல்லைநிலத்தின் கதையே முதல் சான்று.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினிக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரி கைமாறியது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் 1799இல் திப்பு வீழும்வரை மைசூரோடு இருந்தன. இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கும் இரு ஊர்களுக்கு நடுவே ஏழாண்டுகள் ஒரு நாட்டெல்லை ஓடியது. சந்தனத்தை அரச மரமாகத் திப்பு அறிவித்ததாகச் சொல்லப்படுவதும் அதே 1792இல்தான். மரம் யாருடையது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் கேள்வி பெரிதாயிற்று. ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையைத் தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்குக் கரி வேண்டும்; கரிக்குக் காடு வேண்டும். கிராமத்து உலை ஊதியபோது தாங்கிய காடு, ஆலை உலைக்குத் தாங்கவில்லை. அந்த ஆலை நொடிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் கரிப் பஞ்சம் முக்கியமானது. பின் வந்தது ரயில். சென்னை இராஜதானியின் முதல் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது; 1864இல் பெங்களூர் வரை ரயில் போயிற்று. தண்டவாளத்தின் கீழே கிடத்தும் கட்டைகளுக்காகவும் எஞ்சினின் விறகுக்காகவும் காடுகள் கரைந்தன. 1856இல் சென்னை இராஜதானியின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஹியூ கிளெக்ஹார்ன் இந்த அழிவைப் பதிவு செய்தவர்களுள் ஒருவர்.

இந்தப் பஞ்சத்துக்கு இங்கிலாந்தில் ஒரு விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. ஜான் பெத்தல் என்பவர் 1838இல் பெற்ற காப்புரிமை அது. மரக்கட்டைகளை இரும்புக் கலத்துக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, பின் அழுத்தத்தோடு கிரியோசோட் எண்ணெயை உள்ளே செலுத்துவது. பால்டிக் கரையின் மென்மையான பைன், இந்த எண்ணெய் குடித்து, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து தண்டவாளத்தின் கீழே படுத்தது. இன்றைய கத்திக் கைவினைஞரின் மேசைமேல் இருக்கும் வெற்றிடக் கலத்தின் மூதாதை, பெத்தலின் அந்த இரும்புக் கலம்தான்.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடுகள் வரையறுக்கப்பட்டன. காட்டழிவைத் தடுக்க வேண்டிய தேவை மெய்யானது. ஆனால் சட்டத்தின் பாரம் யார் மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரயிலுக்கும் ஆலைக்கும் போன மரத்தோடு ஒப்பிட்டால், உலைக்குக் கரியும் அரிவாளுக்குப் பிடியும் எடுத்தவன் கொண்டுபோனது சொற்பம். அவனும் அனுமதிச் சீட்டுக்காக நிற்க வேண்டியதாயிற்று. ஷெஃபீல்டின் மலிவான எஃகு ஒரு பக்கம், கரியின் அருமை மறுபக்கம் என்று நெருக்கவே, ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹீத் ஷெஃபீல்டில் 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு உருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்நகரத்து எஃகின் தரம் அதனால் உயர்ந்தது. ஆவாரம் விறகு இட்டவர்களின் பெயர் எதுவும் எந்தப் பதிவிலும் இல்லை.

*

பிசினின் கதை வேறொரு வழியில் வருகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரைக் கடந்து மைசூர்ச் சாலையில் போனால் சென்னபட்டணம். அங்கே செய்யும் மரப்பொம்மைகளுக்குப் பயன்படுவது வெப்பாலை மரம். வெண்மையான, சீரான, காழ் என்று தனியே பிரித்தறிய ஏதுமற்ற கட்டை அது. கடைசலில் சுழலும் கட்டைமேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படர்கிறது. காழற்ற மரத்துக்குப் பிசினால் ஒரு தோல். இது நிலைப்படுத்தலின் எளிய வடிவம். பிசின் மேலே மட்டும் நிற்கிறது, உள்ளே போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போயிற்று. மின்தொழில் வளர வளர, மின்காப்புக்காக அதன் தேவை ஏறியது, விலையும் ஏறியது. அரக்குக்கு ஒரு மாற்றைத் தேடிப் புறப்பட்டார் அமெரிக்காவில் வாழ்ந்த பெல்ஜியத்தவர் லியோ பேக்லண்ட். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கலந்து கிடைத்த பிசினைக் கொண்டு அவர் முயன்ற தொடக்கச் சோதனைகளில் ஒன்று மரத்தைப் பற்றியது. பிசினை மரத்தின் மேலே பூசாமல் உள்ளே செலுத்தி மரத்தை வலுப்படுத்தப் பார்த்தார். அந்தத் தேடலின் வழியில் பிறந்து 1909இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே பேக்லைட்.

பின் நடந்ததை நம் அடுக்களைகளே சொல்லும். பேக்லைட்டும் அதன் வழிவந்த பிளாஸ்டிக்குகளும் கத்தியிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் மரப்பிடியைத் துரத்திவிட்டன. மரத்தை வலுப்படுத்தும் முயற்சியை ஒட்டிப் பிறந்த பொருளே மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் பேக்லண்ட் தொடங்கிய கேள்வி சாகவில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப் பொருட்கள் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாம், சீபோர்க் ஆகியோர் 1930களிலும் 40களிலும் அதை மீண்டும் எடுத்தனர். நீரில் கரையும் மெல்லிய ஃபீனால் பிசினை மரச்செல்லின் சுவருக்குள்ளேயே புகுத்தி இறுக்கினார்கள். அதை 'இம்ப்ரெக்' என்றும், அழுத்தி நெருக்கியதை 'காம்ப்ரெக்' என்றும் அழைத்தனர். உலகப் போரின் தேவைகள் இந்த ஆய்வை விரைவுபடுத்தின. விமானச் சுழலிகளுக்கு வந்த காம்ப்ரெக் பின்னர் கத்திப் பிடிக்கும் வந்தது. 1960களில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆதரவில், அக்ரிலிக் வகைத் திரவத்தை மரத்தில் ஊறவைத்துக் காமாக் கதிரால் இறுக்கும் ஆய்வுகள் நடந்தன. கதிருக்குப் பதில் வினையூக்கியும் சூடும் போதும் என்று விரைவில் தெரிந்தது. இன்றைய நிலைப்படுத்திய மரம் அங்கிருந்து நேராக வருகிறது.

இந்தியாவும் இக்கதையில் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைக் கலந்து மரத்துக்குள் நிலையாகத் தங்கும் ஒரு காப்பு மருந்தைக் கண்டார். 'ஆஸ்கு' என்ற பெயரில் தொடங்கிய அது, கம்பங்களும் வேலிகளும் வீடுகளுமாக உலகம் முழுக்கப் பரவியது. உலகின் மிகப் பரவலான மரக்காப்பு முறைகளில் ஒன்று ஓர் இந்தியரின் கண்டுபிடிப்பு என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தி. ஆர்சனிக்கின் நஞ்சு குறித்த அச்சத்தால் 2004 முதல் அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அது விலகியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காழைச் செய்வதற்கு ஒரு விலை உண்டு என்பதை முதலில் காட்டியது அது. எல்லைக்கு அப்பால், மைசூர் சமஸ்தானம் 1938இல் பெங்களூரில் ஒரு வன ஆய்வுக்கூடத்தை நிறுவியது. இன்றைய மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வாரிசு.

*

இன்றைய செய்முறையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். கட்டையை அடுப்பில் வைத்து ஈரத்தை முற்றாக எடுத்துவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் பிசின் சரியாக இறுகாது. ஆறிய கட்டையை மெத்தக்ரிலேட் வகைப் பிசினில் அமிழ்த்தி, கலத்தின் காற்றை உறிஞ்சினால், மரத்தின் துளைகளிலிருந்து காற்று குமிழி குமிழியாக வெளியேறும். குமிழி அடங்க மணிக்கணக்கில் ஆகும். பின் கலத்துக்குள் காற்றை விட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே பிசினைத் துளைகளுக்குள் தள்ளிவிடும். ஊறிய கட்டையை எடுத்து, சுமார் 90 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்தால் உள்ளேயே இறுகும்.

இந்தக் கருவியும் இந்தப் பிசினும் ஓசூர் போன்ற வாகனத் தொழில் நகரங்களுக்கு அந்நியமானவை அல்ல. அலுமினிய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழும். எண்ணெயோ காற்றோ கசியும். அதை அடைக்க வார்ப்பை வெற்றிடத்தில் வைத்து மெத்தக்ரிலேட் பிசினை ஏற்றி, சுமார் 90 பாகை வெந்நீரில் இறுக்குவது வார்ப்புத் தொழிலில் வழக்கமான வேலை. வண்டியின் எஞ்சின் உறையும் கத்தியின் பிடியும் ஒரே வித்தையால் காழ் பெறுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையும் 1980இல் அசோக் லேலண்டும் வந்த பிறகு மாறிப்போன இந்நிலத்தில், இயந்திரத் தொழிலுக்கும் பழைய கொல்லன் பட்டறைக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருப்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இம்முறையின் சுவையான இயல்பு ஒன்று உண்டு. ஈட்டி, கருங்காலி, தேக்கு போன்ற காழ் நிறைந்த மரங்கள் பிசினை ஏற்பதில்லை. அவற்றின் துளைகள் ஏற்கெனவே நிரம்பியவை. காழ் இல்லாத மரமே செயற்கைக் காழை வாங்கிக்கொள்ளும். பழைய கொல்லன் ஒதுக்கியவற்றுக்கெல்லாம் இங்கே இடம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, மாவும் மாங்கூழ் ஆலைகளும் நிறைந்த மாவட்டம். காய்ப்பு ஓய்ந்த மாமரம் பெட்டிப் பலகைக்கும் விறகுக்கும் போகும். பூச்சி துளைக்கும், பூஞ்சை படரும். ஆனால் மக்கத் தொடங்கிய மாங்கட்டையில் பூஞ்சை வரையும் கருங்கோடுகள், நிலத்தின் வரைபடம்போல அழகானவை. அழுகலை அந்த இடத்தில் நிறுத்தி, கோடுகளைக் காப்பாற்றிப் பிடியாக்க முடிகிறது என்பது இந்த முறையின் சிறப்பு.

இங்கும் பின்னணியில் இருப்பது பஞ்சமே. ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. சந்தனத்தின் கதை இந்த எல்லைக் காடுகளில் இரத்தமும் சேர்ந்தது. வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்பட்டபோது அதன் ஓர் அத்தியாயம் முடிந்தது. நல்ல மரத்தைத் தொட முடியாத காலத்தில் எளிய மரத்தை நல்ல மரமாக்குகிறார்கள். பெத்தலின் காலத்திலும் பேக்லண்டின் காலத்திலும் நடந்ததே மீண்டும் நடக்கிறது.

*

இது நல்லதா என்று கேட்டால், ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. ஓர் ஈட்டி மரம் நிற்கிறது, ஒரு மாங்கட்டை அடுப்புக்குப் போகாமல் கைக்கு வருகிறது என்ற அளவில் நல்லதே. ஆனால் சில கணக்குகளையும் பார்க்க வேண்டும். பிசின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. இழைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசமின்றி அதைச் செய்யும் தொழிலாளியின் உடல் அந்த விலையைக் கொடுக்கும். மேலும், 'நிலைப்படுத்திய' என்ற பெயர் கொஞ்சம் மிகை. மெத்தக்ரிலேட் செல்லின் வெற்றிடத்தை நிரப்புகிறது. ஸ்டாமின் பிசினைப்போலச் சுவருக்குள் பெரிதாகப் புகுவதில்லை. அதனால் ஈரம் புகுவது மிகவும் தாமதப்படும், அறவே நின்றுவிடாது.

இவற்றைவிட நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. பழைய பிடி சாகும் என்று தெரிந்தே செய்யப்பட்டது. அலகு இரண்டு தலைமுறைக்கு. பிடி சில ஆண்டுகளுக்கு. பிடி போனால் உழவனே வேலியோரத்தில் ஒரு கிளையை வெட்டி, காயவைத்து, செதுக்கி மாட்டிக்கொள்வான். எந்த மரம், எந்தக் கிளை, எந்தப் பருவம் என்ற அறிவு அப்படியே கைமாறி வந்தது. பிடியின் அழிவே அந்த அறிவை உயிரோடு வைத்திருந்தது. அழியாத பிடிக்கு அந்த அறிவு தேவையில்லை. காடு சட்டத்துக்குள் போனபோது பாதி மறந்ததை, பிளாஸ்டிக் வந்தபோது மீதியும் மறந்துவிட்டோம். நிலைப்படுத்திய மரம் அதைத் திருப்பித் தராது. ஆனால் மரத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வைக்கிறது. இது ஏன் இளகியது, அது ஏன் இறுகியது என்று கேட்க வைக்கிறது. காழ் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அனுபவத்தை நோக்கி ஓரடி திரும்ப அழைக்கிறது.

மண்ணுக்குள் கிடக்கும் இரும்பின் துரு, தன்னை ஒட்டிய மரத்துக்குள் ஊறி, மரம் மக்கிய பின்னும் அதன் இழைகளின் அச்சைக் காத்து வைப்பதுண்டு. பழைய வாள்களின் வாலில் பிடிமரத்தின் சுவடு சிலசமயம் இப்படிக் கிடைக்கும். அதுவும் ஒருவகை நிலைப்படுத்தலே. மயிலாடும்பாறையை நாளை மீண்டும் தோண்டுவோர், துருவை உரசி எடுத்துவிடும் முன் ஒரு கணம் உருப்பெருக்கியில் பார்க்கட்டும்.

நம் காலத்துக் கத்திகளைத் தோண்டப் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழாக இருக்கக்கூடும். அலகு துருவாய்ப் போயிருக்கலாம். பிசின் ஏறிய மாங்கட்டை மிஞ்சியிருக்கலாம். முதன்முறையாகப் பிடியைக் கொண்டு கத்தியின் வரலாறு எழுதப்படும். அப்போதும் அதை இழைத்தவர் யார் என்பது அதில் இருக்காது. அதை எழுதிவைப்பது, மரமும் பிசினும் செய்யாத வேலை. அந்த வேலை எழுதுகிறவர்களுடையது.